ட்ரெயினர் கோர்ஸில் அனாட்டமியும் ஃபிசியாலஜியும்: 42,000 ரூபாய் கட்டிப் படித்தவனின் ரிவ்யூ

போன மாதம் கோயம்புத்தூரில் பெர்சனல் ட்ரெயினர் சான்றிதழ் கோர்ஸ் ஒன்றை முடித்தேன். சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு, 12 வாரம், கட்டணம் 42,000 ரூபாய், தேர்வுக்குத் தனியாக 3,500. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே பாடம் எடுத்த ஒருவரை எங்கே பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடுவேன், இன்னொருவர் சொல்லிக்கொடுத்ததில் சில விஷயங்களை அப்படியே ஜிம்மில் செய்தால் ஆளுக்கு ஆபத்து, அதனால் பெயர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மெம்பர்ஷிப் விற்பது எப்படி, இன்ஸ்டாவில் போடுவது எப்படி என்ற வகுப்புகளைப் பற்றியும் பேசப் போவதில்லை. உடற்கூறும் உடற்பயிற்சி உடலியலும்தான் பாதிக் கோர்ஸ், என்னிடம் விசாரிக்கிற தம்பிகளும் அதைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, அந்த எலும்பு பேரு, தசை பேரெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா, ஃப்ளோர்ல அது உதவுமா?"

உதவும். எந்த அளவுக்கு என்பதற்கு நான் ஏன் இந்தக் கோர்ஸில் சேர்ந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் நான் ஃப்ளோர் ட்ரெயினராக இருந்த ஜிம்மில் ஒரு சாயங்காலம், ஐம்பதைத் தாண்டிய ஒருவர் ட்ரெட்மில்லில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தார், போன் வந்தது, நான்தான் பக்கத்தில் நின்று ஸ்டாப் பட்டனை அழுத்திக் கொடுத்தேன். இறங்கி நின்று "ஹலோ" என்றார், அடுத்து முகம் வெளுத்து, கண் சொருகி, அப்படியே என் மேல் சாய்ந்துவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து வாயில் தண்ணீர் ஊற்றப் பார்த்தேன். நல்லவேளையாக அங்கே இருந்த ஒரு நர்ஸ் அக்கா ஓடிவந்து, அவரைத் தரையில் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பிடித்தார். அரை நிமிடத்தில் கண் திறந்தார். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு மனிதர் என்னை "மாஸ்டர்" என்று கூப்பிடுகிறார், மயங்கி விழுந்தால் படுக்க வைக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஏன் விழுந்தார் என்பதைக் கோர்ஸில்தான் தெரிந்துகொண்டேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவுக்கு ரத்தத்தை அனுப்புகிறது, அதில் தசைகளுக்குப் போவது ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். நன்றாக ஓடும்போது அது 20 லிட்டர் வரை ஏறும், அதில் முக்கால்வாசிக்கு மேல் தசைகளுக்கே போகும். காலுக்குப் போன அந்த ரத்தத்தை மேலே இதயத்துக்குத் திருப்பி அனுப்புவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரிய பங்கு: ஒவ்வொரு அடிக்கும் அது சிரைகளை அமுக்கும், உள்ளே இருக்கும் வால்வு ரத்தம் கீழே வராமல் தடுக்கும். சட்டென்று நின்றுவிட்டால் அமுக்குகிற வேலை நின்றுபோகிறது, ரத்தக்குழாய்கள் இன்னும் விரிந்தேதான் இருக்கின்றன, ரத்தம் காலில் தேங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது. கூல்டவுன் என்று நாம் வாய் வார்த்தைக்குச் சொல்கிற ஐந்து நிமிட மெதுநடை எதற்கு என்பது அந்த ஒரு பாடத்தில் புரிந்தது.

சரி, கோர்ஸுக்கு வருகிறேன்.

முதல் இரண்டு வாரம் எலும்பு. எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்களுக்கு 206 எலும்பு, அதில் கையில் எத்தனை, காலில் எத்தனை என்று ஸ்லைடு மேல் ஸ்லைடாகப் போனது, எல்லாம் ஆங்கிலத்தில், படங்கள் மங்கலாக. எங்கள் பேட்ச் 24 பேர், பாதிக்கு மேல் தமிழ் மீடியம், பின்னால் உட்கார்ந்திருந்த பசங்க எழுத்துக்கூட்டி நோட்டில் காப்பி அடித்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கட்டின் எட்டு எலும்புகளின் பெயரைச் சொல்லத் தெரிந்த பையனுக்கு, பென்ச் பிரஸ்ஸில் மணிக்கட்டு பின்னால் மடிந்தால் ஏன் வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. ரெண்டாவது ஞாயிறு சாயங்காலம், பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று நானும் இன்னொரு நண்பரும் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது வாரம் ஒரு பிசியோதெரபிஸ்ட் மேடம் வந்தார். வரும்போதே கையில் கறுப்பு பிளாஸ்டிக் பை. மேஜை மேல் நியூஸ்பேப்பரை விரித்து அதை வைத்தார். உள்ளே உக்கடத்தில் வாங்கிய ஆட்டின் பின்னங்கால் ஒன்று, முட்டியில் கத்தி படாமல் முழுசாக வேண்டும் என்று கசாப்புக்கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்து வாங்கி வந்திருக்கிறார். சைவம் சாப்பிடுகிற இரண்டு பேர் தள்ளி நின்றார்கள், அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, "அங்கிருந்தே பாருங்க தம்பி, நான் பெருசா காட்டறேன்" என்றார்.

தொடைக்கறியை ஓரளவு வழித்துவிட்டு, முட்டிக்கு மேலே இருந்த வெள்ளை நாடாவைப் பிடித்து இழுத்தார். ஆட்டின் கால் நீண்டது. விட்டார், மடங்கியது. மறுபடி இழுத்தார், நீண்டது. வகுப்பே எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டது. லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் நான் ஆயிரம் முறை "ஸ்க்வீஸ் பண்ணுங்க" என்று சொல்லியிருக்கிறேன், ஆனால் தொடை முன்தசை சுருங்கி, முட்டிச்சில்லைக் கப்பி போல வைத்துக்கொண்டு, கீழ்க்கால் எலும்பைத் தூக்குகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் மூட்டை மெதுவாகத் திறந்தார். ஒரு மாதிரி வழவழப்பான தண்ணீர் கசிந்தது, விரல் நுனியில் எடுத்து விரித்துக் காட்டினார், முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் விட்டது. "இதுதான் மூட்டுக்கு ஆயில், அசைஞ்சாத்தான் எல்லா இடத்துக்கும் போகும், அதனாலதான் வார்ம்அப்" என்றார். எலும்பு முனையில் பளபளவென்று இருந்த குருத்தெலும்பை நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார், ரப்பர் மாதிரி அழுந்தியது. நடுவில் பிறை நிலா வடிவில் இரண்டு வெள்ளைத் தட்டுகள், மெனிஸ்கஸ். அவற்றின் வெளி ஓரத்துக்குத்தான் ரத்த ஓட்டம் நன்றாக உண்டு, உள்பக்கம் கிழிந்தால் தானாக ஆறுவது கடினம். உள்ளே குறுக்காக இரண்டு நாடாக்கள். அதில் முன்னால் இருந்ததை பிளேடால் அறுத்துவிட்டு, கீழ்க்காலைப் பிடித்து முன்பக்கம் இழுக்கச் சொன்னார். அறுக்கும் முன் இம்மியும் நகராத எலும்பு, இப்போது டிராயர் திறப்பது போல முன்னால் வந்தது. கபடி ஆடுகிற ஒரு தம்பி எங்கள் பேட்சில் இருந்தான், ஒரு வருடம் முன்பு முட்டி ஆபரேஷன் ஆனவன். "ஜவ்வு போச்சுன்னு டாக்டர் சொன்னது இதைத்தானா மேடம்" என்று கேட்டான். அவனை அழைத்து அந்த இடத்தைத் தொடச் சொன்னார். அவன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த ஒரு நாளுக்கே 42,000-ல் பாதி போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மேடத்தின் வகுப்புகள் எல்லாமே இப்படித்தான். தசை நார் வகைகளைச் சொல்லித்தர அடுத்த வாரம் கோழி. லெக் பீஸ் ஏன் கருஞ்சிவப்பு, நெஞ்சுக்கறி ஏன் வெள்ளை? கோழி நாள் முழுக்க நிற்கும், நடக்கும், காலில் இருப்பதில் கணிசமான பங்கு மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாங்குகிற நார், அதற்கு ஆக்சிஜன் வேண்டும், ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் கொடுக்கிற நிறம்தான் அது. சிறகடிப்பது ஆபத்து வந்தால் சில விநாடி, அதனால் நெஞ்சில் வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைக்கிற நார். வெகுதூரம் பறக்கிற புறாவுக்கு நெஞ்சுக்கறியே கறுப்பாக இருக்கும். மனிதர்களிடம் இரண்டும் ஒரே தசைக்குள் கலந்து கிடக்கின்றன, பாரம் கூடக் கூட, மெதுவான சின்ன நார்களில் தொடங்கி வேகமான பெரியவை வரிசையாக வேலைக்கு வரும். லேசான டம்பெல்லை ஆற அமரத் தூக்கி, களைப்பு வரும் முன்னே வைத்துவிட்டால், பெரிய நார்களுக்கு வேலையே கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

நெம்புகோல் பாடமும் மறக்காது. முழங்கை மூட்டிலிருந்து பைசெப்ஸ் போய் ஒட்டுகிற இடத்துக்கு 5 சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். உள்ளங்கை இருப்பதோ 35 சென்டிமீட்டர் தள்ளி. ஏழு மடங்கு. கையை 90 டிகிரியில் மடக்கி 5 கிலோ டம்பெல்லைப் பிடித்தால், பைசெப்ஸ் இழுக்க வேண்டியது ஏறத்தாழ 35 கிலோவுக்கான விசை, முன்கையின் எடை வேறு. புதிதாக வருகிற பையன் முதல் நாளே 15 கிலோவை எடுத்து இடுப்பை ஆட்டி ஆட்டித் தூக்கும்போது அவனுடைய தசையை எலும்போடு கட்டுகிற தசைநாணில் என்ன நடக்கிறது என்று இப்போது எனக்குக் கணக்குப் போட்டுச் சொல்லத் தெரியும். சொன்னால் கேட்கவும் செய்கிறார்கள், வெறுமனே "ஃபார்ம் கரெக்ட் பண்ணு" என்றால் கேட்க மாட்டார்கள்.

தோளுக்கு இரண்டு வகுப்பு. அதுதான் எனக்கு மிகவும் தேவைப்பட்டது, ஏனென்றால் நம் ஜிம்களில் பையன்களுக்குச் செஸ்ட், ஆர்ம்ஸ், அப்புறம் விங்ஸ், இவ்வளவுதான் உடம்பு. தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது, பந்து அதில் நிற்பதே சுற்றியிருக்கிற நான்கு சின்னத் தசைகளின் பிடியில்தான். ஜோடி ஜோடியாக நிற்க வைத்து, ஒருவர் கையைப் பக்கவாட்டில் மேலே தூக்க, மற்றவர் அவருடைய தோள்பட்டை எலும்பின் கீழ் முனையில் கட்டைவிரலை வைத்துக் கவனிக்கச் சொன்னார். கை மேலே போகப் போக அந்த முனை வெளிப்பக்கமாகச் சுழன்று போவது விரலில் தெரிகிறது. 180 டிகிரி தூக்குவதில் 120 தோள் மூட்டிலிருந்து, 60 அந்தப் பட்டை எலும்பு சுழல்வதிலிருந்து. என் ஜோடியாக நின்றவர் தினமும் பென்ச் போடுகிறவர், அவருக்கு வலப்பக்கப் பட்டை சரியாகவே சுழலவில்லை, தோளைக் காதுவரை தூக்கித்தான் கையை மேலே கொண்டுபோனார். ஆறு மாதமாக ஷோல்டர் பிரஸ்ஸில் "நறுக்" என்று குத்துகிறது என்றார். பாரத்தை இறக்கி, ரோயிங் அசைவுகளைக் கூட்டி, கர்லாக்கட்டையில் மிக லேசானதை எடுத்து மெதுவாகச் சுழற்றும்படி அவருக்கு மேடம் சொன்னார். தண்டால், பஸ்கி, கர்லா என்று நம் ஊர்த் தாலிம்களில், அதாவது பழைய உடற்பயிற்சிக் கூடங்களில், செய்ததில் தோள் எல்லாத் திசையிலும் போய்வந்தது, மெஷின் வந்த பிறகு தள்ளுகிற ஒரே திசையில் நின்றுவிட்டது என்று அவர் சொன்னதை நான் முழுமனதாக ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்குவாட்டில் முட்டி கால்விரலைத் தாண்டவே கூடாது என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம், அதையும் அவர்தான் திருத்தினார். முட்டியை வலுக்கட்டாயமாகப் பின்னால் நிறுத்தினால் முட்டிக்குச் சுமை கொஞ்சம் குறையும், ஆனால் உடம்பு முன்னால் சாய்ந்து அந்தச் சுமை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போகும். தொடை நீளமாக இருக்கிறவருக்கு முட்டி முன்னால் வந்தே தீரும். குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா, முட்டி உள்பக்கம் சரிகிறதா என்று பார், அதுதான் முக்கியம் என்றார்.

இன்னொன்று, இது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. தமிழில் "நரம்பு" என்று ஒருவர் சொன்னால் நான்கில் ஒன்று. கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொண்டது என்றால் தசைப்பிடிப்பு. கையில் நரம்பு தெரிகிறது என்றால் சிரை. குதிகால் நரம்பு வலிக்கிறது என்றால் பெரும்பாலும் தசைநாண். இடுப்பிலிருந்து கால்விரல் வரை சுரீர் என்று இறங்குகிறது என்றால்தான் உண்மையான நரம்பு, அவரை டெட்லிஃப்ட் பக்கமே விடாமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். "எங்க, எப்படி, எப்போ" என்று மூன்று கேள்வி கேட்காமல் எந்த நரம்புக்கும் ஸ்ட்ரெச் சொல்லாதீர்கள் என்றார். அடுத்த நாளே ஜிம்மில் பயன்பட்டது.

இனி குறை. அதுவும் சின்னதில்லை.

ஏழாவது வாரத்திலிருந்து ஃபிசியாலஜியை எடுத்தவர் வேறொரு சார். மேடையில் பதக்கம் வாங்கியவர், உழைப்பாளி, பசங்களிடம் அன்பாகப் பேசுவார், அதில் சந்தேகமில்லை. ஆனால் வொர்க்அவுட்டுக்கு மறுநாள் வரும் வலி லாக்டிக் ஆசிட் தேங்குவதால்தான் என்று போர்டில் எழுதிப் போட்டார். லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ரத்தத்திலிருந்து போய்விடும், இதயமே அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. வலி உச்சத்துக்கு வருவது 24 மணியிலிருந்து 72 மணிக்குள். இரண்டுக்கும் நேரக் கணக்கே ஒத்துவராது. வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறியவர்களைக் கேளுங்கள். மூச்சு வாங்கியது ஏறும்போது, ஆனால் இரண்டு நாள் கழித்துப் படியில் கால் வைக்க முடியாமல் தொடை வலித்தது இறங்கியதால். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, அப்படி நீளும் வேலையில்தான் நார்களில் நுண்ணிய சேதம் அதிகம், அதை உடம்பு சரிசெய்யும்போது வருகிற வீக்கமும் வலியும்தான் அது. இதை எழுந்து சொன்னேன். "தேர்வுல லாக்டிக் ஆசிட்னே எழுதுங்க" என்றார். எழுதினேன், மதிப்பெண் வந்தது, இன்றைக்கும் உறுத்துகிறது.

வயிற்றுக் கொழுப்புக்கு வயிற்றுப் பயிற்சி என்பதையும் அப்படியேதான் சொன்னார். எந்த இடத்துக் கொழுப்பு முதலில் கரையும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, கொழுப்பு ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது, கரைந்த கொழுப்பில் பெரும்பகுதி கடைசியில் மூச்சில் கரியமில வாயுவாகத்தான் வெளியேறுகிறது: 10 கிலோ கொழுப்பு முழுசாக எரிந்தால் 8.4 கிலோ மூச்சுக்காற்றிலும் மீதி தண்ணீராகவும் போகிறது என்று 2014-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். வயிற்றுப் பயிற்சியில் தொப்பை கரையும் என்று நம்பி தினம் 300 க்ரஞ்சஸ் போட்டுக் கழுத்து வலியோடு நிற்கிற அக்காமார்களை நான் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஆற்றல் மண்டலங்கள் மூன்றும் சார்ட்டில் இருந்தன: முதல் பத்து விநாடிக்குத் தசையிலேயே இருக்கிற பாஸ்பேட் இருப்பு, அடுத்த ஓரிரு நிமிடத்துக்குக் குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைப்பது, அதற்கு மேல் ஆக்சிஜனோடு. மனப்பாடத்துக்குப் போதும். ஆனால் ஒன்று முடிந்து அடுத்தது ஆரம்பிப்பதாகவே சொல்லிக்கொடுத்தார், உண்மையில் மூன்றும் முதல் விநாடியிலிருந்தே சேர்ந்து ஓடுகின்றன, பங்குதான் மாறுகிறது. ஹெவி செட்டுக்கு நடுவில் மூன்று நிமிடம் ஏன் ஓய்வு, பயிற்சிகளை அடுத்தடுத்துச் செய்கிற சர்க்யூட்டில் ஏன் முப்பது விநாடி என்று இதை வைத்து விளக்கியிருக்கலாம். அந்த இடத்துக்கு அவர் வரவே இல்லை.

எனக்கு மனசு கேட்காதது இதயத் துடிப்புப் பாடம்தான். 220-லிருந்து வயதைக் கழி, அதில் 70 சதவீதம், அந்த எண்ணுக்கு ஆளைக் கொண்டு போ. அவ்வளவுதான் வகுப்பு. அந்தக் கணக்கு ஒரு சராசரி, ஒரே வயதில் இருவருக்கு 20 துடிப்பு வித்தியாசம் வருவது சாதாரணம். 2001-ல் வந்த 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் கணக்கு வயதானவர்களுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வரும், அதுவும் சராசரியே. அதைவிடப் பெரிய விஷயம் மாத்திரை. எங்கள் ஜிம்முக்குக் காலை ஆறு மணிக்கு வருகிற ஐம்பது வயதுக்காரர்களில் பலர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதில் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் போடுகிறவருக்குத் துடிப்பு அந்த அளவுக்கு ஏறாது, மருந்தின் வேலையே அதுதான். அவரை "இன்னும் 119 வரலை, வேகமா" என்று ட்ரெட்மில்லில் விரட்டினால் என்ன ஆகும்? வாட்ச்சைப் பார்க்காமல் ஆளைப் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா, முழு வாக்கியம் வருகிறதா, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சா? கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலையில் கூட்டமாக அரட்டை அடித்துக்கொண்டு நடக்கிறார்களே, அவர்கள் தெரியாமலே சரியான வேகத்தில்தான் போகிறார்கள். இதை நான் மேடத்திடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், சிலபஸில் இருந்து தெரிந்துகொள்ளவில்லை.

மூச்சை அடக்குவதும் அப்படித்தான். லெக் பிரஸ்ஸில் முழுப் பாரத்தோடு மூச்சை அடக்கித் தள்ளியபோது, ரத்தக்குழாய்க்குள்ளேயே கருவி வைத்து அளந்த 1985-ம் வருட ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான பாடிபில்டர்களுக்கே பிரஷர் சராசரியாக 320/250 வரை போனது. சில விநாடிக்குத்தான், இளம் உடம்பு தாங்கும். 160/100-ல் இருக்கிற ஒருவருக்கு அதைப் பழக்க முடியுமா? "தள்ளும்போது மூச்சை விடுங்க" என்ற மூன்று வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது, கோர்ஸில் அது ஒரு ஸ்லைடு.

சர்க்கரைக்கு மொத்தமே இருபது நிமிடம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று சொல்கிறது. நம்மிடம் வருகிறவர்களில் கொஞ்சம் தொப்பை, ஒல்லியான கைகால் என்று இருக்கிறவர்களுக்கே அது நிறைய, அதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்று ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்று அளவுகோலையே இறக்கி வைத்திருக்கிறார்கள். சுருங்குகிற தசை இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பது ஒரு ட்ரெயினருக்கு எவ்வளவு பெரிய செய்தி! சாப்பிட்டபின் பத்து நிமிட நடை, வாரம் இரண்டு மூன்று நாள் தொடைக்கும் முதுகுக்கும் பாரம், இவை அவர்களுக்கு மருந்துக்குத் துணை. அதே காரணத்தால்தான் இன்சுலினோ கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் வருகிறவருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும். நினைவு இருக்கும்போதே 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் பார்க்க வேண்டும். என் டிராயரில் இப்போது குளுக்கோஸ் பாக்கெட் நிரந்தரமாக இருக்கிறது.

ஜிம்மில் ஒருவரைச் சேர்க்கும் முன் கேட்கிற ஏழு கேள்விப் படிவம் ஜெராக்ஸ் கொடுத்தார்கள், ஆங்கிலத்தில். நானும் அந்தக் கபடித் தம்பியும் மேடத்தின் உதவியோடு தமிழில் எழுதினோம். முதலில் "நெஞ்சு வலி வருமா?" என்று எழுதியிருந்தோம். ஜிம்மில் பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் இல்லை என்றார்கள். மேடம் சொல்லி அதை மாற்றினோம்: "வேகமா நடந்தாலோ படி ஏறினாலோ நெஞ்சு அடைக்கிற மாதிரி, அழுத்தற மாதிரி, வாயு பிடிச்ச மாதிரி, இடது கை, தாடை பக்கம் இழுக்கற மாதிரி இருக்குமா?" இரண்டு பேர் "ஆமா மாஸ்டர், வாயுத் தொந்தரவு இருக்கு, படி ஏறினா வரும், நின்னா போயிடும்" என்றார்கள். இருவரையும் டாக்டரிடம் அனுப்பினேன். ஒருவருக்கு அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் மாரடைப்பில் இறந்தபோது ஜிம்முக்கு வரவே பயந்த வீடுகளை எனக்குத் தெரியும், அந்தப் பயத்துக்கு நாம் கொடுக்கக்கூடியது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான்.

இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்கிற முதலுதவியான சிபிஆர் ஒரு மணி நேரம், 24 பேருக்கு ஒரே பொம்மை, ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட வரவில்லை. நெஞ்சின் நடுவில், 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒருவர் அழுத்த இன்னொருவர் 108-க்கு அடிக்க வேண்டும். ஒரு நிமிடத்திலேயே கை தளர்ந்துவிடுகிறது, ஆள் மாற்றி ஆள் செய்யப் பழக வேண்டும், அதற்கு நேரமே தரவில்லை. இதை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், லாக்டிக் ஆசிட் விஷயத்தையும் சேர்த்து. அடுத்த பேட்சுக்கு இரண்டு பொம்மை வாங்குவதாகச் சொன்னார்கள்.

மதிப்பெண் போடச் சொன்னால் மேடத்தின் அனாட்டமிக்கு ஐந்துக்கு ஐந்து, முதல் இரண்டு வார எலும்புப் பட்டியலுக்கு ஒன்று, ஃபிசியாலஜிக்கு ஒன்றரை. தேர்வு 100 கேள்வி, கொள்குறி வகை, 70 எடுத்தால் பாஸ், எங்கள் பேட்சில் எல்லோரும் பாஸ். ஆளை நிற்க வைத்து ஒரு ஸ்குவாட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்கிற செய்முறைத் தேர்வு கிடையாது, அது பெரிய குறை. ஏற்கனவே இரண்டு வருடம் ஃப்ளோரில் நின்றவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் மூன்று மாதமாவது ஒரு ஜிம்மில் நின்று ஆட்களைப் பார்த்துவிட்டுச் சேரலாம், வளைகுடா போகிற எண்ணம் இருந்தால் இந்தச் சான்றிதழ் அங்கே செல்லுமா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த ஊரில் எந்தக் கோர்ஸ் என்றாலும் டெமோ வகுப்பு கேளுங்கள், தருவார்கள். பெரும்பாலும் தசைப் பாடத்தைக் காட்டுவார்கள், நீங்கள் இதயப் பாடத்துக்கு உட்கார வேண்டும் என்று கேளுங்கள். உட்கார்ந்து, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு டார்கெட் ஹார்ட் ரேட் எப்படிப் போடுவது என்று ஒரு கேள்வி கேளுங்கள். கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்டலாம், எனக்கு முதல் தவணை 18,000. ஆட்டுக்கால் வகுப்பு மூன்றாவது சனிக்கிழமை காலை, அன்றைக்கு மட்டும் லீவு போடாதீர்கள்.